பெற்றோர் ஆசிரியர் கழகம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024-25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, தலைமை ஆசிரியர் அவர்களே, ஆசிரியப் பெருமக்களே, பெற்றோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிக்கவிருக்கிறார். வகுப்பு வாரியான வருகை விவரமும் தனித்தாளாக இணைக்கப்பட்டுள்ளது. எனவே, செயற்குழு இவ்வாண்டு முழுக் கவனத்தையும் செலுத்திய பணியை, அதாவது நம் பிள்ளைகள் பள்ளியிலிருந்து நின்றுவிடாமல் பார்த்துக்கொள்ளும் பணியைப் பற்றி மட்டும் இவ்வறிக்கையில் கூறுகிறேன்.

வீடுகளுக்குச் சென்றபோது பெற்றோர் எங்களிடம் அதிகமாகக் கேட்ட கேள்வி, எத்தனை நாள் வராவிட்டால் பெயரை எடுத்துவிடுவார்கள் என்பதே. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டத்தின் 16ஆம் பிரிவின்படி, எட்டாம் வகுப்பு முடியும் வரை எந்தக் குழந்தையையும் பள்ளியை விட்டு வெளியேற்ற முடியாது. 2019இல் அப்பிரிவு திருத்தப்பட்டபோதும் இந்தப் பாதுகாப்பு நீக்கப்படவில்லை. பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று 10ஆம் பிரிவு கூறுகிறது. ஆனால் தவறும் பெற்றோருக்கு அச்சட்டத்தில் தண்டனை எதுவும் வைக்கப்படவில்லை. மாறாக, வருகையைக் கண்காணித்து உறுதிசெய்யும் பொறுப்பு அரசின் மீதும் உள்ளாட்சி அமைப்பின் மீதும் சுமத்தப்பட்டுள்ளது. பெற்றோரைக் கூட்டி வருகை நிலவரத்தைத் தெரிவிப்பது ஆசிரியரின் கடமைகளுள் ஒன்றாக 24ஆம் பிரிவில் இடம்பெற்றுள்ளது. இவற்றை விளக்கிய பிறகே, 'நீண்ட நாள் நின்றுவிட்டோமே, இனி எந்த முகத்தோடு போவது' என்று தயங்கிய பல வீடுகளில் பேச்சே தொடங்கியது. பயமுறுத்திப் பிள்ளையை வரவழைக்கலாம் என்று கருதும் உறுப்பினர்கள் சிலர் நம்மிடையே உள்ளனர். அவர்களின் அக்கறையை நான் மதிக்கிறேன். ஆயினும், பயந்த குடும்பம் கதவைச் சாத்திக்கொள்கிறது என்பதையே இவ்வாண்டு நேரில் கண்டோம்.

தொடர்ந்து 30 வேலை நாட்கள் வராத மாணவர், கல்வித் துறையின் கணக்கெடுப்பில் இடைநின்றவராகக் கருதப்படுகிறார். அத்தனை நாட்கள் கழிந்த பிறகு வீடு தேடிச் செல்வதில் பயன் குறைவு. அதற்குள் பிள்ளை ஒரு வேலைக்குப் பழகியிருக்கும், அல்லது குடும்பமே வெளியூர் போயிருக்கும். ஆகவே, விடுப்பு விண்ணப்பமோ தகவலோ இல்லாமல் மூன்று நாட்கள் வராத பிள்ளையின் வீட்டுக்கு அன்று மாலையே செயற்குழு உறுப்பினர் ஒருவர் செல்வதென முடிவெடுத்து, தெரு வாரியாகப் பொறுப்புகளைப் பிரித்துக்கொண்டோம். 'ஏன் அனுப்பவில்லை' என்று கேட்கக் கூடாது, 'உடம்புக்கு என்ன' என்றே தொடங்க வேண்டும் என்பதைத் தலைமை ஆசிரியர் வலியுறுத்தினார். அது மிகவும் பயன்பட்ட அறிவுரை.

ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி வாரத்தில் பாதி நாட்கள் வராததற்கு, தாய் நூறு நாள் வேலைக்குச் செல்லும் நாட்களில் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாததே காரணம். "பச்சப்புள்ளைய யாருகிட்டங்க விட்டுட்டுப் போறது?" என்று அந்தத் தாய் கேட்டதற்கு உடனே எங்களிடம் பதில் இல்லை, அங்கன்வாடியில் சேர்க்கும் வயதும் அக்குழந்தைக்கு ஆகவில்லை. வேலைத்தளத்துக்கு ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஐந்து பேரோ அதற்கு மேலோ வந்தால், அவர்களைக் கவனிக்கப் பெண் பணியாளர் ஒருவரை அதே கூலியில் அமர்த்த வேண்டும் என்பது அத்திட்டத்தின் விதி. அதே நிலையில் இருந்த தாய்மார்களை ஒன்றுசேர்த்து ஊராட்சியில் மனு அளித்தோம். வேப்பமரத்தடியில் சேலைத் தூளிகள் கட்டப்பட்டு, வயதான பணியாளர் ஒருவர் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளத் தொடங்கியதும், அந்த மாணவி மட்டுமன்றி, நாங்கள் கணக்கிலேயே எடுக்காதிருந்த வேறு சில அக்காமார்களும் வகுப்புக்குத் திரும்பினர்.

எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் காலையில் வந்து, மதிய உணவுக்குப் பின் காணாமல் போய்க்கொண்டிருந்தான். ஊர் சுற்றுகிறான் என்றே எல்லோரும் நினைத்தோம். வகுப்பாசிரியை அவனை முதல் வரிசையில் உட்கார வைத்துப் பார்த்த பிறகுதான், கரும்பலகையில் எழுதுவது அவன் கண்ணுக்குத் தெரியவில்லை என்பதும், பிற்பகலில் நடக்கும் கணக்கு வகுப்பில் கேலிக்கு ஆளாகாமலிருக்கவே அவன் வெளியேறினான் என்பதும் தெரிந்தன. இப்போது கண்ணாடி அணிந்து வருகிறான்.

நம் ஊரின் பெரிய சிக்கல் இவ்வளவு எளிதில் தீரக்கூடியதன்று. கரும்பு வெட்டுக்கும் செங்கல் சூளைக்கும் முன்பணம் வாங்கிய குடும்பங்கள் மார்கழி, தை மாதங்களில் புறப்பட்டால், சூளைக்குப் போனவர்கள் மழை தொடங்கிய பிறகே திரும்புகிறார்கள். முன்பணம் குடும்பத்துக்கென்று தரப்படுவதாலும், கூலி வெட்டிய டன்னுக்கும் அறுத்த கல்லுக்கும் கணக்கிடப்படுவதாலும், பத்து வயதுப் பிள்ளையின் கையும் அந்தக் கடனை அடைக்கும் கையாகிவிடுகிறது. பதினான்கு வயது நிறையாதவர்களை வேலைக்கு அமர்த்துவது குற்றம் என்று 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. ஆனால் சூளையில் பிள்ளையின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இருப்பதில்லை. அக்குடும்பங்களிடம் போகாதீர்கள் என்று சொல்லும் தகுதி நமக்கு இல்லை. மேஸ்திரியிடம் வாங்கிய பணத்தில்தான் தீபாவளியும் மருத்துவச் செலவும் நடந்திருக்கின்றன.

நம்மால் இயன்றவை இரண்டு. தாத்தா பாட்டியோ சித்தி வீடோ உள்ள பிள்ளைகளை இங்கேயே தங்கிப் படிக்க விடும்படி பேசினோம். அவ்வாறு தங்கியவர்களின் மாலைப் படிப்பையும் இரவுச் சாப்பாட்டையும் அக்கம்பக்கத்து உறுப்பினர்கள் கவனித்துக்கொண்டனர். உடன் சென்றே ஆக வேண்டிய பிள்ளைகளுக்கு, வேலை செய்யும் இடத்துக்கு அருகிலுள்ள பள்ளியில் சேர்வதற்கான வழியை எடுத்துரைத்தோம். மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாகிறது என்பதற்காகச் சேர்க்கையை மறுக்க முடியாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு கூறுகிறது. கல்வித் துறை ஒவ்வொரு மாணவருக்கும் வழங்கும் எமிஸ் அடையாள எண் கையில் இருந்தால், பிள்ளையின் விவரத்தைத் துறையின் இணையப் பதிவிலுள்ள பொதுத் தொகுப்பின் வழியாக அந்தப் பள்ளி எடுத்துக்கொள்ளலாம். அந்த எண்ணையும் 1098 (குழந்தைகள் உதவி), 14417 (பள்ளிக் கல்வி உதவி) ஆகிய தொலைபேசி எண்களையும் எழுதிய அட்டையைப் புறப்படும் குடும்பங்களுக்குக் கொடுத்தனுப்பினோம். அப்படியும் சில பிள்ளைகள் எப்பள்ளியிலும் சேராமலே திரும்பினர் என்பதை வருத்தத்துடன் பதிவு செய்கிறேன். அவர்களுக்கு வயதுக்கேற்ற வகுப்பில் சிறப்புப் பயிற்சி அளிக்க 4ஆம் பிரிவு வழிசெய்கிறது. அதைக் கோரும் விண்ணப்பம் வட்டார வள மையத்துக்கு அனுப்பப்பட்டுள்ளது.

ஒன்பது, பத்தாம் வகுப்பு மாணவர்களைப் பற்றியும் கவலை உண்டு. பதினான்கு வயதோடு கல்வி உரிமைச் சட்டத்தின் பாதுகாப்பு முடிந்துவிடுவதால், நம் முயற்சி அவர்களிடத்தில் இன்னும் கூடுதலாக வேண்டும். மாணவியரிடம் புதுமைப்பெண் திட்டத்தையும் மாணவரிடம் தமிழ்ப்புதல்வன் திட்டத்தையும் எடுத்துச் சொன்னோம். மாதம் ஆயிரம் ரூபாய் கிடைப்பது உயர்கல்வியில் சேர்ந்த பிறகுதான் என்றாலும், படிப்பைத் தொடரச் சொல்லி வீட்டில் வாதாட அது ஒரு பிடிமானமாக இருக்கிறது.

வரும் ஆண்டில், வெளியூர் செல்லவிருக்கும் குடும்பங்களின் பட்டியலைக் கார்த்திகை மாதத்துக்குள் தயாரிக்கவும், அக்குடும்பப் பிள்ளைகளுக்கு அரசின் பருவகால விடுதி கோரி மாவட்ட நிர்வாகத்திடம் விண்ணப்பிக்கவும் செயற்குழு தீர்மானித்துள்ளது. கிழக்குத் தெருவுக்கும் காலனிக்கும் வீடு சென்று பார்க்க இன்னும் ஆட்கள் தேவைப்படுகிறார்கள். விருப்பமுள்ள பெற்றோர், குறிப்பாகத் தாய்மார்கள், இக்கூட்டம் முடிவதற்குள் பெயர் கொடுக்குமாறு கேட்டுக்கொண்டு, இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு முன்வைக்கிறேன்.

செயலாளர்