நூறு படம் எடுத்தவருக்கு ஒரு படம் கிடைக்கவில்லையா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த கொரிய சினிமா கட்டுரையில், "இம் க்வோன் டேக் போன்றவர்கள் நூறு படம் எடுத்தும் கொரியாவைத் தாண்டவில்லை; ‘பாரசைட்’தான் கதவைத் திறந்தது" என்று ஒரே வரியில் ஒரு மனிதரின் ஐம்பதாண்டு உழைப்பை முடித்துவைத்திருக்கிறீர்கள். 2002இல் ‘சிஹ்வாசோன்’ படத்துக்காகப் பிரான்சின் கான் திரைப்பட விழாவில் சிறந்த இயக்குநர் விருது பெற்றவர் அவர் என்பதும், அதற்கு ஈராண்டு முன்பு அவ்விழாவின் போட்டிப் பிரிவில் நுழைந்த முதல் கொரியப் படம் அவருடைய ‘சுன்ஹியாங்’ என்பதும் தாங்கள் அறியாதவை அல்ல. கான் நகரம் கொரியாவுக்குள் இருப்பதாகக் கட்டுரையாளர் நினைத்துவிட்டாரோ, என்னவோ.

நூறு என்ற எண்ணிக்கையைக் கேலியாகச் சொன்னதுதான் எனக்கு அதிகம் உறுத்தியது. கொரியப் போரில் நொடித்துப்போன இடதுசாரிக் குடும்பத்துப் பிள்ளையாகப் பள்ளிப் படிப்பை விட்டுப் பூசானுக்குப் பிழைக்கப் போனவர் அவர். 1962இல் முதல் படம் எடுத்த பின் பத்தே ஆண்டுகளில் ஏறத்தாழ ஐம்பது படங்களை எடுத்துத் தள்ளியதற்கு, உள்நாட்டுப் படம் தயாரித்தால்தான் வெளிநாட்டுப் படம் இறக்குமதி செய்யும் உரிமை கிடைக்கும் என்றிருந்த அன்றைய அரசு விதியும் ஒரு காரணம். அந்தப் படங்களைப் பற்றி அவரே பெருமை பேசியதில்லை. அந்தப் பட்டறையிலிருந்துதான் 1981இல் ‘மண்டலா’ வந்தது, 1993இல் ‘சோபியோன்ஜே’ வந்தது.

1997இல் பயிற்சிக்காக எட்டு மாதம் தென்கொரியாவின் உல்சான் நகரில் தங்கியிருந்தேன். என் விடுதியை நடத்திய பாட்டி சோல்லா மாநிலத்துக்காரர். முரசொலிக்கு ஏற்பக் கதையைப் பாடிச் சொல்லும் பான்சோரிப் பாட்டு பிறந்து வளர்ந்த மண் அது. ஒரு ஞாயிறன்று அவர் ‘சோபியோன்ஜே’ வீடியோ கேசட்டைப் போட்டார். ஊர் ஊராகப் பாடித் திரியும் தந்தை, மகளின் குரலில் துயரம் ஊற வேண்டும் என்பதற்காக அவள் கண்ணைக் குருடாக்கும் கதை அது. தந்தை, மகள், அவர் வளர்க்கும் பையன் மூவரும் மண்பாதையில் பாடிக்கொண்டே நடந்துவரும் காட்சி, வெட்டே இல்லாமல் ஐந்து நிமிடம் ஓடுகிறது. அந்த இடத்தை மட்டும் பாட்டி மூன்று முறை பின்னோக்கி ஓட்டிப் போட்டார். அழவில்லை, தோளை ஆட்டிக்கொண்டு கூடவே பாடினார். பத்துக் கொரியச் சொல்கூடத் தெரியாத எனக்கு அன்று மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. தலைநகர் சியோலில் ஒரே திரையரங்கில் வெளியாகி, அந்நகரில் மட்டும் பத்து லட்சம் பேரை ஈர்த்த முதல் கொரியப் படம் அதுதான். அப்போது தங்கள் ‘கதவு’, அதாவது 2019இல் வந்த ‘பாரசைட்’, திறக்க இன்னும் 26 ஆண்டுகள் இருந்தன.

இது முதல் முறை என்றால் பேசாமல் இருந்திருப்பேன். 2020 டிசம்பரில் கொரிய இயக்குநர் கிம் கி டுக் மறைந்தபோது, 1967இல் வந்த ‘யோங்காரி’ என்னும் ராட்சத மிருகப் படத்தையும் அவர் கணக்கில் எழுதினீர்கள். அதை எடுத்தவர் அதே பெயர் கொண்ட மூத்த இயக்குநர். தாங்கள் அஞ்சலி செலுத்தியவருக்கு அப்போது வயது ஆறு. அன்று எழுதிய கடிதம் இடமின்மையால் வரவில்லை போலும். கொரியப் படம் என்றாலே சுத்தியலும் ரத்தமும்தான் என்று தங்கள் விமர்சகர்கள் எழுதிவருவதைப் பற்றி வேறொரு சமயம் எழுதுகிறேன்.

இம் க்வோன் டேக் என்று பெயரிட்டுத் தாங்கள் வெளியிட்டிருக்கும் புகைப்படத்தில் இருப்பவர், ‘சோபியோன்ஜே’யில் தந்தையாக நடித்த கிம் மியுங் கோன். அடுத்த இதழின் திருத்தப் பகுதியில் இரண்டு வரி ஒதுக்கி, சரியான படத்தைத் தபால்தலை அளவிலாவது வெளியிட்டால் நன்றியுடையவனாக இருப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பொறியாளர், 22 ஆண்டுச் சந்தாதாரர்,
ஸ்ரீபெரும்புதூர்