புகார்: 5.2 அப்டேட் டெபியன் 11-இல் தொடங்கவில்லை

பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர்

பொருள்: பார்கோடு பிரிண்டர் மென்பொருளை மறுபடி பில்டு செய்து தரக் கோருதல்

ஐயா / அம்மையீர்,

வணக்கம். டெபியன் 11 (லினக்ஸ் இயங்குதளத்தின் ஒரு வகை) ஓடும் எங்கள் சர்வர்களில் உங்கள் 5.2 அப்டேட்டைப் போட்டதிலிருந்து பிரிண்டர் சேவை எழவே இல்லை. ஜிலிப்சி (புரோகிராம்கள் பொதுவாகப் பயன்படுத்தும் ஃபங்ஷன்கள் அடங்கிய சி லைப்ரரி) 2.34 கிடைக்கவில்லை என்று ஒரு வரி வருகிறது, அதோடு நின்றுவிடுகிறது. இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலை அப்டேட் செய்யச் சொல்லி உங்கள் உதவிப் பிரிவு பதில் அனுப்பியது. அது தவறான பதில்.

புரோகிராமுக்கும் கெர்னலுக்கும் நடுவில் நிற்பது இந்த சி லைப்ரரி. எழுதுவதற்கான 'ரைட்' ஃபங்ஷனைக் கூப்பிட்டால், எக்ஸ்86-64 வகை பிராசஸரில் அது ஆர்ஏஎக்ஸ் ரெஜிஸ்டரில் (பிராசஸருக்குள் இருக்கும் சிறு நினைவிடம்) 1-ஐ வைத்து சிஸ்டம் கால் போடுகிறது, அதாவது கெர்னலிடம் வேலையை ஒப்படைக்கிறது. பழைய கெர்னலானாலும் புதியதானாலும் அந்த எண் 1தான். உங்கள் புரோகிராம் அதுவரை போகவே இல்லை. மெயின் ஃபங்ஷன் தொடங்கும் முன்பே டைனமிக் லோடர் (புரோகிராமுக்குத் தேவையான லைப்ரரிகளை ஏற்றும் பகுதி) அதை நிறுத்திவிடுகிறது.

காரணம் உங்கள் பில்டு மெஷின். புரோகிராம் எந்த ஃபங்ஷனை எந்தப் பதிப்பில் கேட்கிறது என்று காட்டும் ஆப்ஜ்டம்ப் கட்டளையை -T (பெரிய எழுத்து) கொடுத்து ஓட்டினால், பெரும்பாலான ஃபங்ஷன்கள் ஜிலிப்சி 2.2.5 என்ற பழைய பதிப்பையே கேட்கின்றன. 2.34 கேட்பவை மூன்றே: லிப்சி ஸ்டார்ட் மெயின், பித்ரெட் கிரியேட், டிஎல்சிம். மூன்றும் பல வருடப் பழசு. 2021 ஆகஸ்டில் வந்த 2.34, பித்ரெட், டிஎல் லைப்ரரிகளை லிப்சிக்குள்ளேயே சேர்த்து இவற்றுக்குப் புதிய பதிப்பு எண் கொடுத்தது. உபுண்டு 22.04-இல் இருப்பது 2.35. அங்கே ஜிலிப்சியோடு டைனமிக்காக லிங்க் செய்த (ஓடும்போது லைப்ரரியை ஏற்றும்படி இணைத்த) சி புரோகிராம் எதுவும், 2.31 உள்ள டெபியன் 11-இல் ஓடாது. புதிய வசதி எதையும் நீங்கள் பயன்படுத்தாமலே எங்கள் சர்வர்களை வெளியே தள்ளிவிட்டீர்கள்.

ஜிலிப்சியை மட்டும் கையால் மாற்றச் சொன்னதும் ஆபத்தான யோசனை. ஃபைல்களைப் பட்டியலிடும் எல்எஸ் முதல் தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் வரை அதன் மேல்தான் நிற்கின்றன. பிசகினால் சர்வருக்குள் நுழையவே முடியாது. பிறகு நீங்கள் அனுப்பிய ஸ்டாட்டிக் பில்டு (லைப்ரரியையும் உள்ளேயே சேர்த்தது) தொடங்குகிறது, ஆனால் எல்டாப்பில் (பயனர் விவரங்களை மையமாக வைத்திருக்கும் டைரக்டரி) உள்ள பயனர்களைத் தேடும்போது சறுக்குகிறது. அந்தத் தேடலுக்கான ஜிலிப்சியின் என்எஸ்எஸ் மாட்யூல்கள் புரோகிராம் ஓடும்போதுதான் ஏற்றப்படும். லிங்க் செய்த அதே ஜிலிப்சி பதிப்பு அப்போதும் வேண்டும். லிங்கரே இதை எச்சரித்திருக்கும்.

ரெட் ஹேட் 8 (இன்னொரு லினக்ஸ் வகை) அல்லது அதற்கு இணையான கன்டெய்னரில், அதாவது தனித்து ஓடும் சூழலில், பில்டு செய்யுங்கள். அதில் உள்ளது 2.28, அங்கே லிங்க் செய்தது பிந்தைய பதிப்புகளிலும் ஓடும். வெளியிடும் முன் ஆப்ஜ்டம்ப்பில் 2.28-க்கு மேல் எதுவும் வந்தால் பில்டை நிறுத்துங்கள். இணக்கப் பட்டியலிலிருந்து ஆல்பைன் லினக்ஸையும் எடுங்கள்: அதில் மஸ்ல் என்ற வேறு சி லைப்ரரிதான் உண்டு, ஜிலிப்சியின் லோடர் இல்லாததால் கண்ணெதிரே இருக்கும் ஃபைலையே 'இல்லை' என்கிறது.

சரியான பில்டு வரும்வரை 5.1-ஐ மீண்டும் டவுன்லோடுக்கு வையுங்கள். இந்தக் காலத்துக்கான பராமரிப்புக் கட்டணத்தைக் கழித்துக்கொண்டு பில் அனுப்பவும்.

இப்படிக்கு,
சர்வர் நிர்வாகக் குழு