'ஏற்றுக்கொண்டார்' என்ற அந்தச் சொல்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் மார்பகப் புற்றுநோய் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை ஆவலோடு படித்தேன். இரண்டாவது முறை, அந்த வரி நிஜமாகவே அங்கே இருக்கிறதா என்று பார்த்தேன். "மார்பை இழந்த பிறகும் மனைவியை மனம் கோணாமல் ஏற்றுக்கொண்டார் கணவர்" என்று எழுதியிருக்கிறீர்கள். பாராட்டாகத்தான் எழுதினீர்கள், புரிகிறது. ஆனாலும் மனசு ஆறவில்லை.

நானும் அந்த ஆப்பரேஷன் செய்துகொண்டவள்தான். இடது மார்பையும் அக்குளில் இருந்த நிணநீர்க் கணுக்களையும் (நிணநீரை வடிகட்டும் சிறு முடிச்சுகள்) எடுத்து ஆறு வருஷம் ஆகிறது. வீட்டுக்கு வரும்போது காயத்தில் ஊறும் நீரை வெளியேற்ற, விலாப் பக்கம் இரண்டு டிரெயின் குழாய்கள் தொங்கின. அதில் சேரும் நீரை அளக்கும் வேலையை என் கணவர் எடுத்துக்கொண்டார். குழாய் உடம்பை விட்டு வெளியே வரும் இடத்தை ஒரு கையால் அழுத்திப் பிடித்து, மறு கை விரல்களால் மெதுவாகக் கீழே உருவிவிட வேண்டும். இல்லையென்றால் ரத்தம் கட்டி அடைத்துக்கொள்ளும். பிடி நழுவினால் தையல் இழுத்து உயிர் போகும். அவர் பிடி ஒரு நாளும் நழுவியதில்லை. காலை 85 மில்லி, இரவு 60 என்று பழைய நோட்டு ஒன்றில் எழுதி வைப்பார். ஒரு நாளைக்கு 30 மில்லிக்குக் கீழே இறங்கினால் குழாயை எடுத்துவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். 28 வந்த அன்று அந்த எண்ணைச் சுற்றி வட்டம் போட்டிருக்கிறார்.

கட்டைப் பிரித்த அன்று நான் கண்ணைத் திறக்கவில்லை. அவர்தான் முதலில் பார்த்தார். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "தையல் சுத்தமா இருக்கும்மா. உனக்கு எப்போ தோணுதோ அப்போ பார்த்துக்கலாம்" என்றார். எனக்குத் தோன்றப் பதினொரு நாள் ஆனது.

இதில் ஏற்றுக்கொள்வது என்ற பேச்சு எங்கே வருகிறது? உங்கள் வரியை அவரிடம் படித்துக் காட்டினேன். "உன்னை விட்டுடலாம்னு நான் நினைச்சதே இல்லையே. எதை ஏத்துக்கிட்டேன்னு பாராட்டுறாங்க?" என்று கேட்டார். முகம் வாடிவிட்டது. ஆப்பரேஷன் சமயத்தில் பார்க்க வந்தவர்களும் என் காதுபடவே "வேற ஆளா இருந்தா..." என்று இழுத்தார்கள். டாக்டர்கூட என் ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு அவரைப் பார்த்துத்தான் பேசுவார். "அவகிட்ட சொல்லுங்க டாக்டர்" என்று எத்தனை முறை சொல்லியிருப்பார் இவர்! பக்கத்துக் கட்டிலில் இருந்த அம்மாவுக்குக் கணவர் இல்லை. நர்ஸிடம் கேட்டுக் கற்றுக்கொண்டு, தன் குழாயைத் தானே உருவி அளந்துகொண்டார். உங்கள் வரியைப் படித்தால் அவர் என்ன நினைப்பார்?

எழுத உட்கார்ந்துவிட்டேன், மீதியையும் சொல்லிவிடுகிறேன். அக்டோபர் வந்தால் அட்டையில் இளஞ்சிவப்பு ரிப்பன் போடுகிறீர்கள். கட்டி இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பதோடு கட்டுரை முடிந்துவிடுகிறது. அக்குள் வழியாகப் போகும் நரம்பு அடிபட்டு மேல்கையின் உட்புறம் மரத்துப்போகும் என்று ஒரு வரி வந்ததுண்டா? எனக்கு இன்றும் அங்கே உணர்ச்சி பாதிதான். நிணநீர் வடிய வழி குறைந்துவிடுவதால் கை வீங்கலாம், வருஷங்கள் கழித்துக்கூட வரலாம் என்பதையும் நாங்களாகத்தான் தெரிந்துகொண்டோம். இன்றைக்கும் கணவர் அவ்வப்போது என் இரண்டு கைகளையும் டேப் வைத்து அளந்து பார்க்கிறார்.

முன்பு ஒரு கேள்வி பதிலில், மார்பை முழுதாக எடுத்தால்தான் பிழைக்க முடியும் என்கிற மாதிரி பதில் சொல்லியிருந்தீர்கள். ஆரம்ப நிலையில் கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு கொடுத்தாலும் ஆயுள் குறைவதில்லை என்று அமெரிக்க அறுவை சிகிச்சை நிபுணர் பெர்னார்ட் ஃபிஷரின் குழு 1985இலேயே காட்டியதும், 20 வருஷம் தொடர்ந்து கவனித்து 2002இல் அதையே திரும்பச் சொன்னதும் உங்களுக்குத் தெரியாததா? எனக்குக் கட்டி ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் இருந்ததால் முழுதாக எடுத்தார்கள். எல்லாருக்கும் அப்படி இல்லையே. படித்துப் பயந்து ஒருத்தி டாக்டரிடமே போகாமல் இருந்துவிட்டால்? அப்போதே எழுதிப் போட்டேன். பதில் வரவில்லை.

இப்போது கேட்பது சின்ன விஷயம்தான். அடுத்த முறை 'ஏற்றுக்கொண்டார்' வேண்டாம், 'கூடவே இருந்தார்' என்று எழுதுங்கள். அப்புறம், கைப் பயிற்சிக்கு அரைப் பக்கம் ஒதுக்குங்கள். சுவரில் விரல்களை நடக்கவிட்டுக் கையை மேலே ஏற்றும் பயிற்சியையாவது படத்தோடு போடுங்கள். என் விரல் எட்டிய உயரத்தை அவர் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி வைத்திருக்கிறார். முதல் கோடு தோளுக்குக் கீழே இருக்கிறது. படம் வரைபவருக்கு உதவும் என்றால் அந்தச் சுவரைப் போட்டோ எடுத்து, நோட்டையும் சேர்த்து அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி