கையெழுத்துப் போடும் முன் தடுத்தவர்களுக்கு நன்றி

வணக்கம்.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் ஆட்குறைப்பில் வேலை போய், 45 வயதுக்கு மேல் மறுபடி வேலை தேடிய எங்கள் எல்லோர் சார்பிலும் இந்த மடல். எங்களுக்குக் கைகொடுத்த நீங்கள் பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டீர்கள். செய்ததையாவது எழுதி வைக்கிறோம், அடுத்து வருபவர்களுக்கு உதவும்.

முதலில் தொழிற்சங்க ஐயாவுக்கு. கணக்கு முடிக்கக் கூப்பிடும்போது நீட்டுகிற தாள்களில் ஒன்று ராஜினாமா கடிதமாக இருக்கும், படிக்காமல் பேனாவைத் திறக்காதீர்கள் என்று கம்பெனி வாசலிலேயே நின்று தடுத்தவர் அவர். தானாக விலகியதாக எழுதிக் கொடுத்துவிட்டால், பணியாற்றிய ஒவ்வொரு ஆண்டுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் என்கிற ஆட்குறைப்பு இழப்பீட்டைக் கேட்பது பெரும்பாடு.

கிராஜுவிட்டி (பணிக்கொடை) கணக்கையும் அவரே பென்சிலால் போட்டுக் காட்டினார். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 26,000 ரூபாய், சர்வீஸ் 18 ஆண்டு 7 மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதத்துக்கு 26 வேலை நாள் என்று 26ஆல் வகுத்தால் ஒரு நாளுக்கு 1,000, பதினைந்து நாளுக்கு 15,000. ஆறு மாதத்துக்கு மேல் போனால் முழு ஆண்டு என்பதால் 19ஆல் பெருக்க வேண்டும்: 2,85,000. சிலர் 30ஆல் வகுத்து, அந்த 7 மாதத்தையும் உதிர்த்துவிடுகிறார்கள். அப்போது வருவது 2,34,000 தான். 51,000 ரூபாய் சத்தமில்லாமல் போகும்.

பிரவுசிங் சென்டர் தம்பிக்கு நாங்கள் பட்ட கடன் பெரிது. இனிஷியல் வைக்கும் நம் வழக்கம் பி.எஃப். கிளைமில்தான் கழுத்தை அறுக்கும். ஆதாரில் 'முருகன் ச', பான் அட்டையில் 'சண்முகம் முருகன்', பி.எஃப். பதிவில் வெறும் 'முருகன்' என்று இருந்தால் கிளைம் திரும்பி வரும். திருத்த ஜாயின்ட் டிக்ளரேஷன் என்கிற திருத்த விண்ணப்பம் போட வேண்டும், அதற்குப் பெரும்பாலும் பழைய கம்பெனியின் ஒப்புதலும் தேவைப்படும். ஹெச்.ஆர். ஆட்கள் இன்னும் நாற்காலியில் இருக்கும்போதே முடித்துவிடுங்கள் என்று விரட்டி விரட்டிச் செய்யவைத்தான். வெளியேறிய தேதியைக் கம்பெனி பதியாமல் விட்டால், கடைசிச் சந்தா விழுந்து இரண்டு மாதம் கழித்து யூ.ஏ.என். (பி.எஃப். உறுப்பினர் எண்) போர்ட்டலில் நாமே 'மார்க் எக்ஸிட்' கொடுத்து அந்தத் தேதியைப் பதியலாம். அந்தத் தேதி இல்லாவிட்டால், புதுக் கம்பெனி சரிபார்க்கும்போது நாம் இன்னும் பழைய இடத்திலேயே இருப்பதாகத் தெரியும்.

பென்ஷன் பணத்தை எடுத்துவிடத் துடித்த எங்களை நிறுத்திய, பி.எஃப். விவரம் அறிந்த அம்மாவுக்குத் தனி வணக்கம். 50 வயதில் 8 ஆண்டு சர்வீஸோடு நிற்பவர் பென்ஷன் பங்கைக் கையில் வாங்கிவிட்டால், சர்வீஸ் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். 58க்குள் இன்னொரு 8 ஆண்டுதான் சேரும், பென்ஷனுக்கு வேண்டிய 10 வராது. பணம் எடுக்கப் போடும் அதே 10சி படிவத்தில், பணத்துக்குப் பதில் ஸ்கீம் சர்டிபிகேட் (பழைய சர்வீஸுக்கான சான்று) கேட்டு வாங்கினால் பழைய 8 அப்படியே நிற்கும். ஏதாவது சின்ன கம்பெனியில் இரண்டு ஆண்டு பி.எஃப். ஓடினாலே போதும். கைக்காசு கரையும் நேரத்தில் இதைக் கேட்க யாருக்கும் பிடிக்காது. திட்டித்தான் சொன்னார், நல்லதாகப் போயிற்று.

ரெஸ்யூமே திருத்திக் கொடுத்த ஹெச்.ஆர். அக்கா ஐந்து பக்கத்தை இரண்டாக்கினார். அப்பா பெயர், மதம், உறுதிமொழி எல்லாவற்றையும் வெட்டினார். கட்டம் கட்டமாகப் போட்ட டேபிளையும் எடுத்தார், வேலைவாய்ப்புத் தளங்களின் மென்பொருள் அதைத் தாறுமாறாகப் படிக்கும். 'குவாலிட்டி பொறுப்பு' என்றிருந்த வரியை 'கஸ்டமர் கம்ப்ளெயின்டுக்கு 8டி ரிப்போர்ட், பி.பி.ஏ.பி. ஆவணம், கேஜ் கேலிப்ரேஷன்' என்று பிரித்து எழுதவைத்தார். எல்லாம் தரக் கட்டுப்பாட்டு வேலையின் பெயர்கள்தான், ஆள் தேடுபவர்கள் அந்தச் சொற்களைத்தான் தட்டுகிறார்கள். 'உங்களைவிடச் சின்னவர் மேனேஜராக இருந்தால் பரவாயில்லையா' என்று கண்டிப்பாகக் கேட்பார்கள் என்றும், நீட்டி முழக்காமல் இளையவரிடம் ரிப்போர்ட் செய்த ஓர் உதாரணத்தைச் சொல்லி நிறுத்துங்கள் என்றும் பழக்கினார்.

திருமுடிவாக்கம், அம்பத்தூர் எஸ்டேட்டுகளில் பாகம் செய்து தரும் சின்ன கம்பெனிகளைக் கேட்டுப் பார்க்கச் சொன்ன பழைய வெண்டர் நண்பர்களுக்கும் நன்றி. ஐ.ஏ.டி.எஃப். (வாகன உதிரிபாகத் தரச்சான்று) ஆடிட் வருகிறது என்றால் அங்கே நரைத்த தலைக்கும் மதிப்புண்டு. சம்பளம் குறைவுதான், ஆனால் பி.எஃப். ஓடும். போர்ட்டலில் நூறு விண்ணப்பம் தட்டுவதைவிட இப்படி ஒரு போன் மேல் என்பது எங்கள் அபிப்பிராயம்.

ரிஜிஸ்ட்ரேஷன் பணம் கட்டினால் ஆஃபர் லெட்டர் என்று வந்த அழைப்புகளை எங்கள் கையிலிருந்து பிடுங்கி வைத்த பிள்ளைகளுக்கும், பற்று நோட்டை மூடாத மளிகைக்கடை அண்ணாச்சிக்கும் நன்றி. 'இந்த வயசுல யாரு வேலை தருவா' என்று துக்கம் விசாரித்தவர்களுக்கு இந்த மடலில் இடமில்லை.

கிராஜுவிட்டி கணக்குத் தாள், ஜாயின்ட் டிக்ளரேஷன் மாதிரி, வெட்டித் திருத்திய ரெஸ்யூமே மூன்றையும் பிரவுசிங் சென்டரில் ஒரு ஃபைலில் போட்டு வைத்திருக்கிறோம். தேவைப்படுபவர்கள் கேட்டு ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளலாம்.

நன்றியுடன்,
ஒரகடம் வட்டார நண்பர்கள்