ஐந்தாவது ரீலைக் காப்பாற்றியவர்களுக்கு நன்றி

அன்பிற்குரியோருக்கு வணக்கம்.

சிட்னி லூமெட் இயக்கிய முதல் திரைப்படமான ‘12 ஆங்ரி மென்’ 1957-இல் வெளிவந்தபோது வசூலில் பெரிதாகச் சோபிக்கவில்லை. கொலைக் குற்றம் சாட்டப்பட்ட ஓர் இளைஞனின் வழக்கில் தீர்ப்பு முடிவுசெய்ய ஓர் அறையில் கூடும் பன்னிரண்டு ஜூரிகளின், அதாவது அதற்கென அழைக்கப்பட்ட சாதாரணக் குடிமக்களின், கதை அது. அந்தப் படத்தை 35 மி.மீ. பிலிம் பிரதியிலிருந்தே மீண்டும் திரையிட வேண்டும் என்ற எங்கள் திரைப்படச் சங்கத்தின் நெடுநாள் ஆசை சென்ற ஞாயிறன்று நிறைவேறியது. பிரதியை வாடகையின்றித் தந்துதவிய சேகரிப்பாளருக்கும், பழைய புரொஜெக்டர்கள் இரண்டையும் விற்காமல் காத்துவரும் திரையரங்க உரிமையாளருக்கும் எங்கள் மனமார்ந்த நன்றி.

ஓய்வுபெற்ற ஆப்பரேட்டர் ஐயாவுக்கு நாங்கள் பட்ட கடனைத் தனியே சொல்லியாக வேண்டும். 96 நிமிடப் படம் ஐந்து ரீல்களில் வந்தது. ஐந்தாவது டப்பாவைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தது. அசிடேட் பிலிம் சிதையத் தொடங்கியதன் அடையாளம் அது. ஓரத்துளைகளும் பல இடங்களில் கிழிந்திருந்தன. பழுதான பகுதிகளை வெட்டிவிட்டு ஒட்டுவது சுலபம் என்றாலும், வினாடிக்கு 24 கட்டங்கள் (பிரேம்கள்) ஓடும் படத்தில் வெட்டு விழுந்தால் நடிகரின் முகத்தில் ஒரு துடிப்பு போய்விடும் என்று கூறி அவர் மறுத்துவிட்டார். பருத்திக் கையுறை அணிந்து, பிலிமின் இரு ஓரங்களையும் விரல்களுக்கிடையே மெல்ல நகர்த்தி, கையுறையின் நூல் எங்கே சிக்குகிறதோ அங்கே நிறுத்தி, துளையிட்ட ஒட்டுநாடாவால் இரண்டு இரவுகள் செப்பனிட்டார். ஒரு கட்டம்கூடக் குறையவில்லை.

அந்த ரீலில்தான் படத்தின் உயிர் இருக்கிறது. தன்னைவிட்டுப் பிரிந்த மகன்மீதுள்ள கோபத்தையெல்லாம் முன்பின் அறியாத ஓர் இளைஞன்மீது சுமத்தி, அவனை மின்சார நாற்காலிக்கு அனுப்பத் துடித்த மூன்றாம் எண் ஜூரி, மகனின் புகைப்படத்தைக் கிழித்தெறிந்த மறுகணமே உடைந்து அழுகிறார். நேரம் செல்லச் செல்லக் கேமராவின் உயரத்தைத் தாழ்த்தி, லென்ஸின் குவியத் தூரத்தையும் கூட்டிக்கொண்டே வந்து, சுவர்கள் நெருங்கிவருவதைப்போல லூமெட் அமைத்த இறுக்கமெல்லாம் அந்த அழுகையில்தான் தளர்கிறது. அங்கே படம் அறுந்திருந்தால் அம்மனிதரின் மனமாற்றத்தை எவரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

தமிழ் வசனவரிகளை எழுதி, காட்சியின்போது மடிக்கணினியின் முன்னமர்ந்து வரிவரியாகத் திரைக்கு அனுப்பிய தோழர்கள் இருவருக்கும் நன்றி. பத்தாம் எண் ஜூரி ஓயாமல் பழிக்கும் மக்கள் எவரென்று படம் எங்கும் பெயரிட்டுச் சொல்வதில்லை. புரிவதற்காக நமக்குப் பழக்கமான ஒரு பிரிவின் பெயரைச் சேர்க்கலாமே என்று யோசனை சொன்னவர்களில் நானும் ஒருவன். வசனவரி எழுதிய தோழர்கள் இசையவில்லை; ‘அவர்கள்’ என்ற மரியாதைச் சொல்லையும் தவிர்த்து, ‘அவனுங்க’ என்று மட்டும் எழுதினார்கள். மற்ற ஜூரிகள் ஒவ்வொருவராக எழுந்து அந்தக் காழ்ப்புப் பேச்சுக்கு முதுகைத் திருப்பியபோது அரங்கத்தில் நிலவிய அமைதியைக் கேட்டபின், அவர்களின் முடிவே சரி என்று உணர்ந்தேன்.

எட்டாம் எண் ஜூரி, தம்மை அத்தனை நேரம் எதிர்த்த மூன்றாம் எண் ஜூரிக்கு அவரது கோட்டினை எடுத்துவந்து மாட்டிவிடும் காட்சியிலும், அதன்பின் விளக்குகள் எரியும்வரையிலும் இருக்கையைவிட்டு எழாத பார்வையாளர்களுக்கும் நன்றி.

பிரதி உரியவரிடம் பத்திரமாகச் சேர்ந்துவிட்டது. ஐந்தாவது ரீலை மட்டும் காற்றோட்டமுள்ள புதிய டப்பாவில் தனியே வைத்து, எங்கெங்கே ஒட்டியிருக்கிறார் என்ற குறிப்பையும் அடுத்து ஓட்டப்போகிறவருக்காக ஆப்பரேட்டர் ஐயா தம் கைப்பட எழுதி உள்ளே வைத்திருக்கிறார்.

நன்றியுடன்,
திரையிடல் ஒருங்கிணைப்பாளர்