வானிலை மட்டும்தான் காரணமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறிய விமானம் மலையில் மோதினால், 'மோசமான வானிலையே காரணம்' என்று ஒரே வரியில் செய்தியை முடித்துவிடுகிறீர்கள். பெங்களூரில் விமானக் கருவிகளைப் பழுது பார்த்து ஓய்வு பெற்ற எனக்கு அந்த வரி போதவில்லை. விமானி வெளியே பார்த்து ஓட்டினாரா, கருவிகளைப் பார்த்து ஓட்டினாரா என்பதல்லவா முதலில் தெரிய வேண்டும்?

தொப்பூர் கணவாயில் பனி இறங்கினால் லாரியை ஓரம் கட்டிவிடலாம். மேகத்துக்குள் அந்த வசதி கிடையாது. அடிவானம் மறைந்ததும், உடலின் சமநிலையை உணரும் உட்காது ஏமாற்றத் தொடங்கும். விமானம் மெல்லத் திரும்பிக்கொண்டே இருந்தாலும் நேராகப் போவதாகத்தான் தோன்றும். 2021 டிசம்பரில் குன்னூரில் விழுந்தது பெரிய ஹெலிகாப்டர்தான். ஆனால் அங்கும், பள்ளத்தாக்கில் திடீரென மாறிய வானிலையில் மேகத்துக்குள் நுழைந்ததால் விமானியின் திசையுணர்வு தடுமாறியது என்றே விமானப்படையின் விசாரணை சொன்னது. இயந்திரக் கோளாறு இல்லை என்றும் சொன்னது.

சரி, கருவி இருந்தால் போதுமா? பழைய சிறு விமானங்களில், விமானம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று காட்டும் செயற்கை அடிவானக் கருவிக்குள் ஒரு ஜைரோ சக்கரம் (வேகமாகச் சுழலும்போது நிலை மாறாமல் நிற்கும் சக்கரம்) இருக்கும். இன்ஜினோடு சேர்ந்து ஓடும் வேக்குவம் பம்ப் இழுக்கிற காற்றில் அது சுழலும். பம்ப் படுத்துவிட்டால் கருவி உடனே நின்றுவிடாது. சக்கரத்தின் வேகம் குறையக் குறைய, அது காட்டும் அடிவானம் மெல்லச் சாயும். அதை உண்மை என்று நம்பி விமானி எதிர்ப்பக்கம் சாய்ப்பார். கதை முடிந்தது. திருப்பத்தைக் காட்டும் கருவி பெரும்பாலும் மின்சாரத்தில் ஓடுவது. அதையும் ஒரு கண் பார்த்துக்கொண்டே இருப்பவர் பிழைப்பார். என் மேஜைக்கு வந்த பம்ப்களில் உள்ளே கார்பன் தகடு நொறுங்கியிருக்கும், வெளியே ஒரு கீறல்கூட இருக்காது.

காற்றழுத்தத்தை வைத்து உயரம் காட்டும் ஆல்டிமீட்டரில் அந்த அழுத்தத்தை 10 ஹெக்டோபாஸ்கல் தவறாக வைத்தால் உயரம் ஏறக்குறைய 300 அடி பிசகும். மலையின் மறுபக்கம் இறங்கும் காற்றோ, சின்ன இன்ஜின் ஏற்றுவதைவிட வேகமாகக் கீழே அழுத்தும். மலைப்பகுதியில் கருவி பார்த்துப் பறப்பவர், 8 கி.மீ. தூரத்துக்குள் உள்ள மிக உயர்ந்த இடத்துக்கும் மேலே 2,000 அடி இடைவெளி விட வேண்டும் என்ற விதி சும்மா வரவில்லை.

ஓசூர்ப் பக்கம் பேளகொண்டப்பள்ளியில் ஓடுதளம் இருக்கிறது. பெரிய விமான நிலையமும் வரும் என்கிறார்கள். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பலர் விமானி ஆக ஆசைப்படுகிறார்கள். அடுத்த முறை இப்படி ஒரு செய்தி வரும்போது, மேகம் எவ்வளவு உயரத்தில் இருந்தது, விமானிக்குக் கருவிப் பறத்தல் தகுதி இருந்ததா என்ற இரண்டையும் கேட்டு எழுதுமாறு உங்கள் நிருபர்களிடம் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற விமானக் கருவி மெக்கானிக்,
தேன்கனிக்கோட்டை, கிருஷ்ணகிரி மாவட்டம்