கடைசிப் பந்திக்காரரின் ஏ.சி.

ஆசிரியருக்கு வணக்கம்.

தவணையில் ஏ.சி. வாங்கும் குடும்பங்கள்தாம் பூமியைச் சூடாக்குகின்றன என்ற தொனியில் சென்ற வாரம் ஒரு வாசகர் எழுதியிருந்தார். போன சித்திரையில் நாங்களும் தவணையில்தான் ஒன்று வாங்கினோம், சுருக்கென்றது. எங்களுடையது மேல்மாடி வாடகை வீடு. பகலெல்லாம் வேலூர் வெயிலைக் குடித்த கான்கிரீட் கூரை, நள்ளிரவு தாண்டியும் அனலைக் கக்கும். இதய நோயாளியான என் மாமியார் விடிய விடிய விசிறியோடு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தபின் வேறு வழி தெரியவில்லை.

அந்த வாசகரின் அச்சம் பொய்யல்ல. உலகில் அப்போதிருந்த 160 கோடி ஏ.சி.கள் 2050இல் 560 கோடியாகும் என்று சர்வதேச எரிசக்தி முகமை 2018இல் கணித்தது. அதே அறிக்கைதான் இதையும் சொல்கிறது: அமெரிக்காவிலும் ஜப்பானிலும் பத்தில் ஒன்பது வீடுகளில் ஏ.சி. உண்டு, வெயில் கொளுத்தும் நாடுகளில் வாழும் 280 கோடிப் பேரில் 8 சதவீதத்தினரிடமே அப்போது இருந்தது. தலைக்கு ஆண்டுக்குச் சுமார் 14 டன் கரியமில வாயு விடும் அமெரிக்கரைப் போல எல்லாரும் வாழ்ந்தால் பூமி தாங்காது. அதற்காக, 2 டன் விடும் இந்தியரிடமா கணக்குக் கேட்பது? (ஏ.சி. வந்தபின் என் கணக்கு அதைத் தாண்டியிருக்கலாம்.) முதல் பந்தியில் பாயசம் தீர்த்தவர், கடைசிப் பந்தியில் உட்கார்ந்தவனுக்கு அளவுச் சாப்பாட்டைப் பற்றிப் பாடம் எடுக்கிறார்.

வாசகர் கவலைப்பட வேண்டிய இடம் வேறு. சென்ற மாதம் குளிர்ச்சி குறைந்தது. வந்த மெக்கானிக் பைப்பைக் கழற்றி, மிச்சமிருந்த கேஸை அப்படியே தெருக்காற்றில் விட்டுவிட்டுப் புதிதாக நிரப்பினார். அந்த ஆர்-32 வாயு, நூறாண்டுக் கணக்கில், கரியமில வாயுவைவிடச் சுமார் 675 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். "பழைய கேஸைப் பிடித்து வைக்கக்கூடாதா?" என்றேன். "பிடித்து வைத்தால் யாரம்மா வாங்குவார்கள்?" என்றார். நியாயமான கேள்வி. பூமியைச் சூடாக்கும் இவ்வகைக் குளிர்சாதன வாயுக்களைக் குறைக்க உலக நாடுகள் 2016இல் செய்த கிகாலி ஒப்பந்தப்படி, இந்தியா அவற்றைக் குறைக்கத் தொடங்குவதே 2032இல்தான். அதுவரை பழைய கேஸைத் திரும்பப் பெற ஊருக்கு ஓரிடமாவது அரசு ஏற்பாடு செய்யக்கூடாதா?

கூரைக்கும் ஒரு வார்த்தை. மொட்டைமாடிக்கு வெள்ளைப் பூச்சு அடித்தால் ஏ.சி. ஓடும் நேரம் குறையும். வீட்டுக்காரரிடம் கேட்டு எட்டு மாதமாகிறது. "உங்கள் செலவில் அடித்துக்கொள்ளுங்கள்" என்கிறார். சுண்ணாம்பு விலை விசாரித்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
சத்துவாச்சாரி, வேலூர்.